இந்தோனேசியக் கொலை வழக்கு: முதலில் பிரிவு எண்ணைக் கேளுங்கள்

"சார், சுட்டுடுவாங்களா?" இந்தோனேசியாவில் கொலை வழக்கில் சிக்கியவரின் வீட்டார் போனில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பயத்துக்குக் காரணம் உண்டு. 2015 ஏப்ரலில் நூசாகம்பங்கான் தீவில் சுட்டுக்கொல்லப்பட்டவர்களில் ஒருவர், இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆஸ்திரேலியர் மயூரன் சுகுமாரன். அந்தச் செய்தி நம்மவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் அது போதைப்பொருள் வழக்கு. கொலை வழக்கில் கணக்கு வேறு. அதனால் நான் திருப்பிக் கேட்பது: எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள்?

டச்சுக்காரர் காலத்திலிருந்து வந்த பழைய தண்டனைச் சட்டம் போய், 2023இல் இயற்றிய புதிய சட்டம் 2026 ஜனவரி 2 முதல் அமலில் இருக்கிறது. திட்டமிட்ட கொலைக்குப் பழைய எண் 340, புதிய எண் 459. தண்டனை மாறவில்லை: மரணம், ஆயுள், அல்லது அதிகபட்சம் 20 ஆண்டு. திட்டமிடாமல், ஆனால் கொல்லும் எண்ணத்தோடு செய்த கொலை பழையதில் 338, புதியதில் 458. உச்சம் 15 ஆண்டு. செத்தவர் பெற்றோர், கணவன், மனைவி அல்லது பிள்ளை என்றால் புதிய சட்டப்படி அதில் மூன்றில் ஒரு பங்கு கூடும். அடித்ததில் ஆள் இறந்துபோனால் (புதிய எண் 466) 7 ஆண்டு, கவனக்குறைவால் மரணம் என்றால் 5 ஆண்டு வரை. சம்பவம் பழைய சட்டக் காலத்தில் நடந்து விசாரணை இப்போது நடக்கிறதென்றால், இரண்டில் எது குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகமோ அதுதான் பொருந்தும்.

ஒரு நடைமுறையைப் புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் அடங்கும். அங்கே குற்றப்பத்திரிகையைப் படிப்படியாக எழுதுவார்கள். முதலில் திட்டமிட்ட கொலை. அது நிரூபணமாகாவிட்டால் சாதாரணக் கொலை. அதுவும் நிற்காவிட்டால் மரணத்தில் முடிந்த தாக்குதல். செய்தியில் வருவது மேல்படி மட்டும். "மரண தண்டனை கிடைக்கலாம்" என்ற தலைப்பு பொய்யில்லை, ஆனால் கீழே இரண்டு படிகள் இருப்பதை அது சொல்லாது.

சரி, திட்டமிட்டது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? மாதக்கணக்கில் சதி தேவையில்லை. நிதானமாக முடிவெடுத்தாரா, மனம் மாற நேரம் இருந்ததா, அதன் பிறகும் செய்தாரா என்றுதான் பார்ப்பார்கள். ஃபெர்டி சம்போ வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது தேசியக் காவல்துறையின் உள்விசாரணைப் பிரிவுத் தலைவர். 2022 ஜூலை 8 அன்று தெற்கு ஜகார்த்தாவில் அவருடைய அரசுக் குடியிருப்பில் உதவியாளர் யோசுவா சுடப்பட்டார். காவலர்களுக்குள் துப்பாக்கிச் சண்டை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு தெரியவந்தது: அன்றைக்கே, பக்கத்தில் உள்ள சொந்த வீட்டின் மூன்றாம் மாடியில், சம்போ ஒரு காவலரிடம் "சுடுவாயா" என்று கேட்கிறார். அவர் முடியாது என்கிறார். அடுத்து ரிச்சர்ட் எலியேசரைக் கூப்பிடுகிறார், அவர் ஒப்புக்கொள்கிறார். ஒருவர் மறுத்த பிறகு இன்னொருவரைத் தேடினால் திட்டம் இல்லை என்று வாதாடி ஜெயிப்பது கடினம். ஒரே பிற்பகல் போதுமானதாக இருந்தது.

இந்த வழக்கு இன்னொன்றையும் காட்டியது. சாட்சியம் முடிந்ததும் அரசுத் தரப்பு இத்தனை ஆண்டு வேண்டும் என்று கேட்கும். அதையே தீர்ப்பாக நினைத்து அழுதவர்களையும், நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். நீதிபதிகளை அது கட்டுப்படுத்தாது. சம்போவுக்கு ஆயுள் கேட்டார்கள்; 2023 பிப்ரவரியில் மரண தண்டனை விதித்தார்கள். கூடவே குற்றம்சாட்டப்பட்ட அவர் மனைவிக்கு 8 ஆண்டு கேட்டார்கள், கிடைத்தது 20. சுட்ட எலியேசருக்கு 12 ஆண்டு கேட்டார்கள். உண்மையைச் சொல்லி ஒத்துழைத்ததற்காக ஒன்றரை ஆண்டோடு முடிந்தது. 'சுடமாட்டேன்' என்ற காவலரோ 13 ஆண்டு வாங்கினார். அவர் சுடவில்லை, ஆனால் கூடவே இருந்தார், தடுக்கவில்லை. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சம்போவின் மரண தண்டனையை ஆயுளாகவும், மனைவியின் 20 ஆண்டைப் பத்தாகவும் குறைத்தது. கீழ் நீதிமன்றத் தீர்ப்போடு நம்பிக்கையை மூட்டை கட்டிவிட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மரண தண்டனையே வந்தாலும், புதிய சட்டத்தில் பத்தாண்டு சோதனைக் காலம் உண்டு. வருந்தித் திருந்தியதாகத் தெரிந்தால், உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு அதிபர் அதை ஆயுளாக மாற்றலாம். 2016 ஜூலையில் நால்வரைச் சுட்டார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தத் தண்டனையை நிறைவேற்றவே இல்லை.

நம் ஊர்ப் பழக்கத்தில் சிலர் கேட்பார்கள்: செத்தவர் குடும்பத்தோடு பேசி, பணம் கொடுத்து முடிக்க முடியாதா? முடியாது. குடும்பம் மன்னித்தாலும் வழக்கு நிற்காது. தண்டனையைக் குறைக்க ஒரு காரணமாகலாம், அவ்வளவுதான். தண்டனை முடிந்து வெளியே வந்தால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. 2014இல் பாலி ஓட்டலில் தாயைக் கொன்ற வழக்கில் உடந்தையாக இருந்ததற்குப் பத்தாண்டு பெற்ற அமெரிக்கப் பெண், ஏழு ஆண்டுக்குப் பின் விடுதலையாகி ஊர் திரும்பியதும் விமான நிலையத்திலேயே கைதானார். அமெரிக்காவில் 2024இல் மேலும் 26 ஆண்டு விதித்தார்கள்.

வழக்கு உருவாவது போலீஸ் பதிவு செய்யும் வாக்குமூலத்தில்தான். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவார்கள். மொழி தெரியாமல், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் போட்ட கையெழுத்தைப் பிறகு நீதிமன்றத்தில் மறுக்கலாம்தான், ஆனால் ஏன் மறுக்கிறாய் என்று நீதிபதி குடைந்தெடுப்பார். முதல் நாளே தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள், உள்ளூர் வக்கீல் வரட்டும். காவலில் வைத்த உத்தரவின் நகலைக் குடும்பத்துக்குத் தர வேண்டும் என்பது அங்கே நடைமுறை. அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 459 தனியாக இருக்கிறதா, பக்கத்தில் 458உம் 466உம் இருக்கின்றனவா என்பது அதில் தெரிந்துவிடும்.