விறைப்புக் குறைபாடு: சொல் விளக்கம்

டாக்டர்கள் ‘எரெக்டைல் டிஸ்ஃபங்ஷன்’ என்று சொல்வதற்குத் தமிழில் விறைப்புக் குறைபாடு என்பதே பொருத்தமான சொல். உடலுறவுக்குப் போதுமான விறைப்பு வராததும், வந்தாலும் நிலைக்காமல் தளர்ந்துபோவதும் இதில் அடங்கும். என்றோ ஒருநாள் அசதியில் நடப்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

எரெக்டைல் என்பதன் வேர், நிமிர்த்துதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினை. ‘டிஸ்’ சீர்கேட்டைச் சுட்டும் கிரேக்க முன்னொட்டு. அதற்கு முன்பு புழங்கியது ‘இம்பொட்டென்ஸ்’, அதாவது வலிமையின்மை. அது நோயை விட்டுவிட்டு ஆளையே குறை சொல்கிறது. 1992ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் மாநாடு, அதை விட்டுவிட்டுப் புதிய சொல்லைப் பயன்படுத்தப் பரிந்துரைத்தது.

நம்மிடம் அதே வேலையைச் செய்வது ‘ஆண்மைக்குறைவு’. திருவள்ளுவர் ‘பிறன்மனை நோக்காத பேராண்மை’ என்று பாடியது மனத்திண்மையை. ரத்தக்குழாய்க் கோளாறுக்கு ஆண்மையை இழுப்பது அநியாயம்தான். ‘நரம்புத் தளர்ச்சி’ விளம்பரக்காரர்களின் சொல். மலட்டுத்தன்மை முற்றிலும் வேறு சங்கதி. விறைப்பு நன்றாக இருப்பவருக்கும் விந்தணு குறைவாக இருக்கலாம்.

சரி, ஏன் வருகிறது? கிளர்ச்சி ஏற்பட்டதும் நரம்பு நுனிகளிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது. தசை தளர்ந்து, பஞ்சு போன்ற திசுவுக்குள் ரத்தம் பாய்கிறது. அது உப்பும்போது சிரைகள் நசுங்கி, போன ரத்தம் உள்ளேயே தங்குகிறது. உறுப்பு விறைக்க உள்தசை தளர வேண்டும் என்பது வேடிக்கைதான். நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாம் கெடுப்பது இந்தக் குழாய்ச் சுவரைத்தான். ஆணுறுப்புத் தமனியின் விட்டம் ஏறத்தாழ 1 முதல் 2 மி.மீ.; இதயத் தமனி 3 முதல் 4 மி.மீ. அடைப்பின் விளைவு சிறிய குழாயில் முதலில் தெரிவதால், நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்பே விறைப்பு குறையலாம். ஆகவே இதற்காகப் போகிறவருக்குச் சர்க்கரையும் கொழுப்பும் சோதிப்பார்கள்.

சில ரத்த அழுத்த மாத்திரைகள், மனச்சோர்வு மருந்துகள், புராஸ்டேட் அறுவை, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவு, மிதமிஞ்சிய குடி ஆகியவையும் காரணமாகலாம். விடியற்காலையில் விறைப்பு வழக்கம்போல் வந்து, துணையோடு இருக்கும்போது மட்டும் வராவிட்டால் பதற்றமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்புறம், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள், விறைப்புக்காகத் தரப்படும் சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரையைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும்.