மாத டேட்டா மிச்சம் இருக்கிறது, இரவு எட்டு மணிக்கு வீடியோ நிற்கிறது

மதுரைப் பக்கம் டிஎன்பிஎஸ்சி பயிற்சி மையம் நடத்தும் ஒருவர் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார். "சார், வாடகை சர்வர்ல மாசத்துக்கு நூறு டிபி (டெராபைட்) டேட்டா வாங்கி வெச்சிருக்கேன். பாதி மாசம் ஓடிருச்சு, கால்வாசிதான் தீர்ந்திருக்கு. ஆனா எட்டு மணி ஆனா போதும், வீடியோ சுத்திக்கிட்டே நிக்குது. பசங்க குரூப்ல கேள்வி மேல கேள்வி கேக்குறாங்க."

சர்வர் பராமரிப்பு வேலையில் எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. குறைந்த வாடகையில் அதிக பேண்ட்வித் (தரவை அனுப்பும் திறன்) உள்ள சர்வரைத் தேடி வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். மாதத்துக்கு எத்தனை டிபி என்று பார்த்து வாங்குகிறார்கள். அவர்களுக்கு உண்மையில் இடிப்பது அந்த எண் இல்லை.

அவருடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2,500 மாணவர்கள், ஆளுக்குத் தினமும் ஒரு மணி நேர வீடியோ. பிட்ரேட், அதாவது வீடியோ ஓட நொடிக்கு வேண்டிய தரவு, 1.5 எம்பிபிஎஸ் (மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்). ஒரு மணி நேரத்துக்கு 675 எம்பி ஆகிறது. மாதம் முழுக்கக் கூட்டினால் ஏறக்குறைய 50 டிபி. நூறு டிபி வாங்கியிருக்கிறார், சரிதானே? ஆனால் அந்த மாணவர்களில் பாதிப்பேர் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஒரே நேரத்தில் உட்காருகிறார்கள். அந்த நேரத்தில் 900 பேர் பார்த்தால் 1,350 எம்பிபிஎஸ் வேண்டும். சர்வரின் போர்ட், அதாவது தரவு வெளியே போகும் வாய், 1 ஜிபிபிஎஸ்தான் (1,000 எம்பிபிஎஸ்). குடம் நிறையத் தண்ணீர் இருக்கிறது, வாய் குறுகல்.

பெரிய போர்ட்டுக்கு மாறலாம் என்றார். செலவு கூடும். நான் வேறு ஒன்றைச் சொன்னேன். ஆசிரியர் கரும்பலகை முன் நின்று பேசும் வீடியோவுக்கு 1.5 எம்பிபிஎஸ் தேவையே இல்லை. மொபைல் திரையில் 800 கேபிபிஎஸ் (0.8 எம்பிபிஎஸ்) போதும், எழுத்தும் தெளிவாகத் தெரியும். பழைய வீடியோக்களை எல்லாம் அந்த அளவுக்குச் சுருக்கி மறுபடி என்கோட் செய்ய நான்கு இரவுகள் ஆயின. உச்சம் 720 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கியது, மாதக் கணக்கு 27 டிபி ஆனது. அதே சர்வர், அதே வாடகை. மலிவான சர்வரைத் தேடத் தொடங்கும் முன்பே இந்த வேலையைச் செய்துவிடுங்கள் என்று இப்போது யார் வந்தாலும் சொல்கிறேன்.

போர்ட்டுக்கும் மாத அளவுக்கும் உள்ள உறவுக்கு ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும். 1 எம்பிபிஎஸ் வேகத்தில் முப்பது நாளும் இடைவிடாமல் ஓடினால் 324 ஜிபி. அப்படியானால் 100 எம்பிபிஎஸ் போர்ட்டால் மாதத்துக்கு 32 டிபிக்கு மேல் தள்ளவே முடியாது. 100 எம்பிபிஎஸ் போர்ட்டைக் கொடுத்துவிட்டு 'மாதம் 50 டிபி' என்று விற்கும் விளம்பரங்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த 50ஐ யாராலும் தொட முடியாது.

அடுத்தது 'அன்லிமிடெட்' என்ற சொல். இன்னொரு வாடிக்கையாளருக்கு ஒரு நிறுவனத்தில் 1 ஜிபிபிஎஸ் அன்லிமிடெட் எடுத்துக் கொடுத்தேன். பதினோராம் நாள் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. கேட்டதற்கு நியாயப் பயன்பாட்டு விதியை, அதாவது ஓர் அளவுக்கு மேல் போனால் வேகத்தைக் குறைக்கும் விதியை, காட்டினார்கள். விதி இருந்தது உண்மைதான், நான் படிக்காமல் விட்டேன். வாடிக்கையாளரின் நேரலை வகுப்பு அன்று பாதியில் நின்றது. அதிலிருந்து பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் எழுத்தாகவே கேட்டுவிடுகிறேன்: போர்ட் எனக்கு மட்டுமா, மற்றவர்களோடு பகிர்வதா? சர்வருக்கு உள்ளே வரும் தரவையும் கணக்கில் சேர்ப்பீர்களா? அளவு தாண்டினால் வேகம் குறையுமா, சர்வர் நிற்குமா, கூடுதல் பில் வருமா, ஒரு டிபிக்கு எவ்வளவு? மழுப்பிப் பதில் வந்தால் அங்கே வாங்குவதில்லை.

சில இடங்களில் டிபி கணக்கே கிடையாது, 95ஆம் சதமானம் என்ற முறையில் பில் போடுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தை அளந்து, மாதக் கடைசியில் மிக உயர்ந்த 5 சதவீத அளவுகளைத் தள்ளிவிட்டு, மீதியில் மிக உயர்ந்ததற்குப் பணம். தள்ளுபடி ஆவது மாதத்தில் 36 மணி நேரம். எப்போதாவது கூட்டம் வரும் தளத்துக்கு இது லாபம். பயிற்சி மையத்துக்கோ தினமும் இரண்டு மணி நேரக் கூட்டம், மாதம் 60 மணி நேரம். ஆகவே உச்ச வேகத்துக்கே பில் விழும்.

சரி, மலிவாக எங்கே கிடைக்கிறது? பயன்படுத்தும் அளவுக்குப் பில் போடும் கிளவுடில் இல்லை. அமேசானின் அமெரிக்க மண்டலங்களில் வெளியே போகும் தரவுக்கு, இலவச 100 ஜிபி போக, ஜிபிக்கு 9 சென்ட். 10 டிபிக்கே கிட்டத்தட்ட 900 டாலர் ஆகிவிடும். மும்பை மண்டலத்தில் இன்னும் அதிகம். முழு இயந்திரத்தையும் ஒருவருக்கே வாடகைக்குத் தரும் டெடிகேட்டட் சர்வர் உலகத்தில் நிலைமை வேறு. ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனத்தில் 1 ஜிபிபிஎஸ் இணைப்புள்ள டெடிகேட்டட் சர்வர்களுக்கு டிராஃபிக் கட்டணம் இல்லை. வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்த சர்வர்களை ஏலப் பட்டியலில் இன்னும் குறைவாக, அமைப்புக் கட்டணம் இல்லாமல் தருகிறார்கள். பிரான்சின் ஓவிஎச் நிறுவனம் தன் பழைய சர்வர்களை கிம்சூஃபி என்ற பெயரில் குறைந்த வாடகைக்கு விடுகிறது. ஃபிராங்பர்ட்டிலும் ஆம்ஸ்டர்டாமிலும் நூற்றுக்கணக்கான நெட்வொர்க்குகள் ஒரே இணைப்பு மையத்தில் கூடி, தரவை நேரடியாக மாற்றிக்கொள்கின்றன. இடைத்தரகருக்குக் கொடுக்கும் காசு அங்கே மிச்சமாகிறது.

ஆனால் உங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? லண்டனிலும் பாரிஸிலும் கேட்கும் தமிழ் இணைய வானொலி ஒன்றை நண்பர் நடத்துகிறார். 500 பேர் 128 கேபிபிஎஸ்ஸில் கேட்டாலும் 64 எம்பிபிஎஸ்தான், இரவு பகலாக ஓடினாலும் மாதம் 21 டிபியைத் தொடாது. ஐரோப்பாவில் உள்ள மலிவான சர்வரே அவருக்கு நூற்றுக்கு நூறு பொருத்தம். மதுரை மாணவருக்கு அப்படி இல்லை. தரவு ஜெர்மனிக்குப் போய்வர ஏறக்குறைய 150 மில்லிசெகண்ட் ஆகும். பதிவு செய்த வீடியோவுக்குப் பரவாயில்லை, நேரலைக் கேள்வி பதிலுக்கு இடறலாம். 2025 செப்டம்பரில் செங்கடல் வழியாக ஐரோப்பாவுக்குப் போகும் கடலடி இணையக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் இணையம் மந்தமானது. ஐரோப்பாவில் மட்டும் சர்வர் வைத்திருந்தவர்கள் அந்த வாரம் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அதனால் சோதனை செய்யாமல் ஆண்டுக் கட்டணம் கட்டாதீர்கள். பல நிறுவனங்கள் தங்கள் தளத்தில் சோதனைக் கோப்பு வைத்திருக்கும். அதைக் காலையில் இறக்கிப் பார்த்தால் வேகம் அருமையாகத்தான் இருக்கும். இரவு எட்டரைக்கு ஜியோவிலும் ஏர்டெல்லிலும் பிஎஸ்என்எல்லிலும் தனித்தனியாக இறக்கிப் பாருங்கள், உண்மை தெரியும். ஒரு மாதம் மட்டும் எடுத்து, விஎன்ஸ்டாட் என்ற, தரவு அளவைக் கணக்கெடுக்கும் மென்பொருளைப் போட்டு நாள்தோறும் எவ்வளவு போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மலிவான சர்வரில் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் பழையது. கைக்கு வந்த முதல் மணி நேரத்திலேயே ஸ்மார்ட் அறிக்கையை (டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் பதிவு) எடுத்து, எத்தனை மணி நேரம் ஓடியது, பழுதான செக்டர்கள் (தரவு எழுதும் சிறு பகுதிகள்) உண்டா என்று பார்த்து, இருந்தால் அன்றே மாற்றித் தரச் சொல்லுங்கள். பேக்கப் வேறு ஊரில், முடிந்தால் வேறு நிறுவனத்தில் இருக்கட்டும். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச்சின் ஒரு தரவு மையக் கட்டடமே எரிந்து போனது. அதே வளாகத்தில் பேக்கப் வைத்திருந்த சிலருக்கு அதுவும் மிஞ்சவில்லை.

அப்புறம் பணம் கட்டுவது. 2021 அக்டோபர் முதல், கார்டில் மாதாமாதம் தானாகப் பிடிக்கும் தொகைக்கு ரிசர்வ் வங்கியின் விதிப்படி முன்பதிவும் ஒப்புதலும் வேண்டும். பல வெளிநாட்டு நிறுவனங்களின் பில்கள் இதனால் திரும்பிவிடுகின்றன. என் வாடிக்கையாளர் ஒருவருக்கு நினைவூட்டல் மின்னஞ்சல் ஸ்பேமில் விழ, சர்வர் அழிக்கப்பட்டுவிட்டது. மூன்றாண்டு வீடியோக்கள் போயின. இப்போது எல்லோருக்கும் முன்கூட்டியே கணக்கில் இருப்பு போட்டு வைக்கிறேன்.

மதுரைக்காரரின் சர்வர் வேக வரைபடத்தில் இரவு எட்டரை உச்சம் 710 எம்பிபிஎஸ்ஸைச் சுற்றியே நிற்கிறது. குரூப் 4 தேர்வுக்கு முந்தைய வாரம் அது 860 வரை ஏறியது. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் மும்பையில் இன்னொரு சிறிய சர்வர் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். எந்த நிறுவனம் என்று முடிவு செய்ய, இந்த வாரம் முழுக்க இரவு எட்டரைக்குச் சோதனைக் கோப்புகளை இறக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.