லோக்கல் டெவலப்மென்ட் என்விரான்மென்ட்: தன்கணினி உருவாக்கச் சூழல்

பெருமளவு தரவை இணையவழித் தொலைக்கணினிகளில் சேமித்து வினவ உதவும் ஸ்னோஃப்ளேக், பிக்குவெரி, ரெட்ஷிஃப்ட் போன்ற மேகக்கணிமைத் தரவுக் கிடங்குகளுக்கு நிரல் எழுதுவோர், தம் கணினியிலேயே நிரலை எழுதித் திருத்திச் சோதிப்பதற்குச் செய்துகொள்ளும் ஏற்பாட்டை ‘லோக்கல் டெவலப்மென்ட் என்விரான்மென்ட்’ என்கிறார்கள். நிரல் எடிட்டர், பைத்தான் நிரல்மொழியின் குறிப்பிட்ட ஒரு பதிப்பு, வேண்டிய நூலகங்கள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்), கிடங்கோடு இணைவதற்கான விவரங்களைக் கொண்ட கோப்பு ஆகியவை இதில் அடங்கும்.

‘என்விரான்மென்ட்’ என்பதன் அடியில் இருப்பது, வட்டம் என்று பொருள்படும் ‘விரோன்’ என்ற பழைய பிரெஞ்சுச் சொல். ‘சூழ்’ என்னும் வினையடியில் பிறந்த ‘சூழல்’ அதே பொருளைத் தருவதால் வேறு சொல் தேட வேண்டியதில்லை. 1979இல் வெளியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பு, இயங்கவிருக்கும் நிரலுக்கு அதைச் சுற்றியுள்ள அமைப்புகளைத் தெரிவிக்கும் ‘சூழல் மாறி’களைக் கொண்டுவந்தது. 2012இல் வந்த பைத்தான் 3.3, ஒவ்வொரு திட்டத்துக்கும் நூலகங்களைத் தனித்தனியே வைத்துக்கொள்ளும் ‘மெய்நிகர் சூழலை’ மொழியோடு சேர்த்தே வழங்கியது.

‘டெவலப்மென்ட்’ என்றதும் ‘மேம்பாடு’ என்று எழுதிவிடுகிறோம். இருப்பதைச் சீர்செய்வதை அச்சொல் குறிக்கும். இல்லாத நிரலைப் புதிதாகச் செய்வதற்கு ‘உருவாக்கம்’ என்பதே பொருந்தும்.

‘லோக்கல்’ என்பதில்தான் சிக்கல். இடத்தைக் குறிக்கும் ‘லோகஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்த இதை மென்பொருள் மொழிபெயர்ப்புகள் பலவும் ‘உள்ளூர்’ என்கின்றன. இங்கே ஊருக்கு வேலையே இல்லை. நிரலர் கையில் இருக்கும் கணினியா, தொலைவில் உள்ள வழங்கியா (சர்வர்) என்பதே வேறுபாடு. ஆகவே ‘தன்கணினி’ என்பதை முன்வைக்கிறேன். ஆனால் அது உருவாக்கத்துக்குத்தான் அடையாகுமே தவிர இயக்கத்துக்கு ஆகாது. ஸ்னோஃப்ளேக்கின் ஸ்னோபார்க் நூலகத்தைக் கொண்டு, ஓர் அட்டவணையை எடுத்து வடிகட்டித் தொகுக்கும் நான்கு வரிகளைப் பைத்தானில் எழுதினாலும், அந்த நிலையில் தரவின்மேல் எந்தக் கணக்கீடும் நடப்பதில்லை. ‘கலெக்ட்’ அல்லது ‘ஷோ’ என்று அழைத்த பிறகே அவ்வரிகள், தரவுத்தளங்களை வினவும் மொழியான எஸ்கியூஎல்லில் ஒரு வினவலாக மாறிக் கிடங்குக்குச் செல்கின்றன. கணக்கீடு அங்கே முடிந்து, விடை மட்டும் நம் திரைக்கு வருகிறது. நாம் எழுதும் பைத்தான் செயற்கூறை (ஃபங்ஷன்) கிடங்கில் பதிவு செய்தால் அதுவும் அங்குள்ள பைத்தானில்தான் இயங்கும் என்பதால், சூழல் அமைக்கும்போதே அங்கு ஏற்கப்படும் பதிப்பைத் தேர்வது முதல் வேலை.

இணைப்பே இல்லாமல் சோதிக்க ஸ்னோபார்க்கில் ‘லோக்கல் டெஸ்டிங்’ என்ற வசதி உண்டு. கிடங்கின் நடத்தையைக் கணினியிலேயே போலச்செய்யும் இதனை ‘தன்கணினிச் சோதனை’ எனலாம். இயக்கமும் இங்கேயே நடப்பதால் அடை முழுமையாகப் பொருந்துகிறது. ஆனால் நேரடியாக எழுதிய எஸ்கியூஎல் இதில் இயங்காது.

இணைப்புக் கோப்பை நிரப்பும்போது ‘வேர்ஹவுஸ்’ என்றொரு புலம் வரும். ஸ்னோஃப்ளேக்கில் அது தரவு கிடக்கும் இடத்தைக் குறிப்பதில்லை, வினவலை இயக்கும் கணினித் திரளைக் குறிக்கிறது. கிடத்தலிலிருந்து வந்த ‘கிடங்கு’ மொத்த அமைப்புக்கு நன்கு பொருந்தினாலும், இந்தப் புலத்தில் அதை எழுதினால் புதியவர் தரவுத்தளத்தின் பெயரை இட்டுவிடுவார். இதற்குக் ‘கணிப்புத் திரள்’ என்று தனிப்பெயர் வைப்பதே சரி.