காற்று சும்மா கிடைக்கிறது, கரண்ட் ஏன் சும்மா கிடைப்பதில்லை?

நாகர்கோவில் பஸ்ஸில் வள்ளியூர், பணகுடி வழியாகப் போனால் இருபக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். "சும்மா வீசுற காத்துதானே, அந்தக் கரண்டுக்கு எதுக்குய்யா காசு?" என்று பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்வி.

வெயிலும் காற்று மாதிரி சும்மாதான் வருகிறது, அதனால் வீட்டு மாடியை வைத்தே கணக்குப் போடலாம். 3 கிலோவாட் சோலார் போட 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தினமும் சுமார் 4 யூனிட் தரும். அப்போது வருடத்துக்கு 4,380 யூனிட். 25 வருடத்துக்குப் பணத்தைப் பகிர்ந்தால் யூனிட்டுக்கு 1 ரூபாய் 64 காசு. அதே பணத்தை 7 சதவீத வட்டிக்கு வாங்கி, 25 வருடமும் ஒரே தவணையாகக் கட்டினால் சுமார் 3 ரூபாய் 50 காசு! பாதிக்கு மேல் வட்டி. மத்திய அரசின் 78,000 ரூபாய் மானியம் கிடைத்தால் 2 ரூபாய்க்கு வந்துவிடும். ஆனால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், அதற்குள் அடங்கும் சின்ன வீட்டுக்கு சோலாரால் மிச்சம் எதுவும் இல்லை. இந்த மானியம் ஏழை வீட்டைவிட ஏசி ஓடும் வீட்டுக்கே அதிகம் உதவுகிறது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இந்தக் கணக்கில் கூடங்குளம் அணு உலையும் பணகுடி காற்றாலையும் ஒரே சாதி. இரண்டிலும் முதலீடுதான் பெரிய செலவு. 1,000 மெகாவாட் உலையை நிறுத்தி வைத்தாலும் வட்டி நிற்காது. அதனால்தான் அதை இரவும் பகலும் முழு அளவில் ஓட்டப் பார்க்கிறார்கள். தூத்துக்குடி அனல்மின் நிலையம் வேறு மாதிரி. கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரிக்கு ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசு கொடுத்தாக வேண்டும், ஓட்டாவிட்டால் அந்தச் செலவு மிச்சம்.

அப்புறம், காற்றின் குணம். வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் நெருக்கிப் பாய்வதால் வைகாசி முதல் ஆவணி வரை உற்பத்தி கொட்டும். ஐப்பசி வந்தால் வேகம் கொஞ்சம் குறைந்தாலே மின்சாரம் மளமளவென்று சரியும். ஆடி நள்ளிரவில் வாங்க ஆளில்லாமல் கிடக்கும் யூனிட்டும், சாயங்காலம் ஏழு மணிக்கு ஊரெல்லாம் விளக்குப் போடும்போது கிடைக்கும் யூனிட்டும் ஒரே மதிப்பு ஆகுமா?

அந்த ஏழு மணிக்கு ஈடுகொடுப்பது பாபநாசம் போன்ற புனல்மின் நிலையங்கள்தான். 1944இல் ஓடத் தொடங்கிய பாபநாசம் நிலையம் வெறும் 32 மெகாவாட், கூடங்குளத்து ஓர் உலையில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. என்றாலும் வால்வைத் திறந்தால் சில நிமிடங்களில் மின்சாரம் வந்துவிடும். சுழலியைச் சுற்றிய தண்ணீர் தாமிரபரணியில் இறங்கி கார், பிசானம் என்ற இரண்டு போக நெல்லுக்கும் பாய்கிறது. அதனால் அணையை எப்போது திறப்பது என்பதில் முதல் உரிமை வயலுக்கு. மின்சாரம் அதன் பின்னால்தான்.