வைவாவில் நடுங்கும் கையை அளப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: வைவா (வாய்மொழித் தேர்வு) என்றாலே கை நடுங்குகிறது, வீட்டில் பயந்த கோளாறு என்று கயிறு மந்திரித்துக் கட்டிவிட்டார்கள், இந்த நடுக்கத்தை நிஜமாகவே அளக்க முடியுமா?

தாராளமாக முடியும். நடுங்காத கை என்று யாருக்கும் கிடையாது. கையை நீட்டிப் பிடித்தால் விநாடிக்கு 8 முதல் 12 முறை மெல்லிய அதிர்வு எல்லாருக்கும் இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் தசையில் அது வந்து ஒட்டும் பீட்டா-2 ஏற்பிகளைத் தூண்டி அந்த அதிர்வையே பெரிதாக்குகிறது. இதைத் தடுக்கும், துப்பாக்கி சுடும் போட்டிகளில் தடை செய்யப்பட்ட ப்ரோப்ரனலால் மருந்துக்காகத்தான் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியத் துப்பாக்கி சுடும் வீரர் ஒருவர் இரண்டு பதக்கங்களை இழந்தார்.

அளக்கும் கருவி உங்கள் செல்போனுக்குள்ளேயே இருக்கிறது: முடுக்கமானி, அதாவது வேகம் மாறுவதை அளக்கும் சில்லு. எனக்கு ரொம்பப் பிடித்த பொருள் இது. ஜங்ஷன் பக்கம் டவுன் பஸ் சட்டென்று பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்னால் சாய்கிறார்கள் இல்லையா, அதே நிலைமம்தான். வில் போல வளையும் மெல்லிய சிலிக்கான் பட்டைகளில் ஒரு சிலிக்கான் துண்டு தொங்குகிறது. அதன் ஓரமெல்லாம் பற்கள், அவற்றுக்கு நடுநடுவே அசையாத வேறு பற்கள், இடைவெளி மைக்ரோமீட்டர் கணக்கில். கை அசைந்தால் சில்லு கூடவே நகரும், தொங்கும் துண்டு கொஞ்சம் பின்தங்கும், ஒரு பக்க இடைவெளி குறைய மறுபக்கம் கூடும், அதற்கேற்ப பற்களுக்கு நடுவே மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் மின்தேக்குத்திறன் மாறும், அந்த வித்தியாசம்தான் எண்ணாக வெளியே வருகிறது. லேசான நடுக்கத்துக்கு அந்தத் துண்டு நகரும் தூரம் சில அணுக்களை வரிசையாக வைத்த நீளம்தான்! அதையும் சட்டைப் பையில் கிடக்கும் ஒரு போன் பிடித்துவிடுகிறது.

அப்புறம் கணக்கு. விநாடிக்கு 100 அளவீடு, ஒரு ஃபூரியே உருமாற்றம், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்று பிரிந்து வந்துவிடும். பார்க்கின்சன் நோயில் கை ஓய்ந்திருக்கும்போது வரும் நடுக்கம் 4–6 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 4–6 முறை) தனியாகத் தெரியும். பதற்றத்தில் அப்படியில்லை, அதே 8–12 ஹெர்ட்ஸில் அதிர்வின் அளவுதான் ஏறும். காப்பி, பசி, ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்பியூட்டமால் எல்லாமே இதையே செய்யும் என்பதால் அதே ஆளின் அமைதியான நேரத்து அளவோடு ஒப்பிட்டு, நாடித்துடிப்பையும் வியர்வையையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதற்றம் என்று சொல்ல முடியும். தைராய்டு கூடினாலும் கை நடுங்கும். கயிற்றை நம்பி தைராய்டு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போனிலேயே செய்து பார்க்கலாம், ஆனால் போனின் கனமே நடுக்கத்தை மாற்றிவிடும். சில நூறு ரூபாய் முடுக்கமானி சென்சார் ஒன்றை விரலில் டேப் போட்டு ஒட்டினால் துல்லியம் கூடும். நம்மூர்க் கல்லூரிகளுக்குச் சின்னதாக நிதி ஒதுக்கினால் வைவாவுக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளே அளந்துவிடுவார்கள், அதை ஒதுக்கத்தான் யாருக்கும் மனசு வரமாட்டேன் என்கிறது.