சுவருக்கு அப்பால் ஒலித்த ஹேண்ட்செட்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சின்னக் கணக்கர் அலுவலகம். மூன்று மாதமாகத் தொலைபேசிக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது என்று என்னை அழைத்தார்கள். பில்லைப் பார்த்தேன். பாதி அழைப்புகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போயிருந்தன. அலுவலகம் பூட்டிக் கிடக்கும் நாள். முதலாளியைத் தவிரச் சாவி வைத்திருப்பவர் துப்புரவு செய்யும் அம்மாள் மட்டுமே. அவர் சம்பளத்தில் ஏற்கெனவே 600 ராண்டைப் பிடித்துவிட்டிருந்தார்கள்.

அங்கே இருந்தது கம்பியில்லாத் தொலைபேசி. தொலைபேசி இணைப்பு வந்து சேரும் அதன் அடிப்பெட்டியான பேஸ் யூனிட்டில், கையில் எடுத்துப் பேசும் ஹேண்ட்செட்டைத் தேடும் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால், பதிவாகியிருக்கும் எல்லா ஹேண்ட்செட்டும் ஒலிக்கும். அழுத்தினேன். மேசைமேல் இருந்த இரண்டும் ஒலித்தன. மூன்றாவது ஒன்று சுவருக்கு அப்பால், பக்கத்துக் கடைக்குள் ஒலித்தது. போன வருடம் வெள்ளையடித்தபோது சார்ஜரோடு சேர்ந்தே ‘தொலைந்துபோன’ கருவி அது.

இவ்வகைக் கம்பியில்லாத் தொலைபேசிகள் பெரும்பாலும் டெக்ட் (DECT) என்னும் வானொலி அலை முறையில் இயங்குபவை. கட்டடத்துக்குள் சுமார் 50 மீட்டர், வெட்டவெளியில் 300 மீட்டர்வரை எட்டும். ஒரு செங்கல் சுவர் எம்மாத்திரம்? பதிவை நீக்காதவரை, அந்த ஹேண்ட்செட் யார் கையில் இருந்தாலும் பேஸுக்கு அது வீட்டுப்பிள்ளைதான்.

ஹேண்ட்செட்டின் விசைப்பூட்டைப் போட்டுவிட்டுப் பாதுகாப்பு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டைப்பையில் பொத்தான் தவறி அழுந்தாமல் இருக்கத்தான் அது உதவும். இணைப்பை யார் பயன்படுத்தலாம் என்று தீர்மானிப்பது பேஸ். அதன் ரகசிய எண் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் 0000. அதை யாராவது மாற்றியிருந்தால் எனக்கு வியப்பாக இருக்கும். முதலில் அதை மாற்றுங்கள். பிறகு பதிவுப் பட்டியலில் காணாமற்போனவற்றை நீக்குங்கள். பேஸை வரவேற்பு மேசையில் வைக்காதீர்கள். பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் அது புதிய ஹேண்ட்செட்டை ஏற்கத் தயாராகிவிடும். எண் 0000 ஆகவே இருந்தால் சில மாடல்கள் அதைக் கேட்பதுகூட இல்லை.

வெளிநாட்டு அழைப்பு தேவையில்லையென்றால் 00 என்று தொடங்கும் எண்களைத் தடுத்துவிடலாம். மெனுவில் போடும் தடை, கருவியை மீட்டமைத்தால் போய்விடும். சேவை நிறுவனத்திடம் சொல்லி இணைப்பிலேயே தடுப்பதே உறுதி. ஆர்வக்கோளாறில் 1 என்று தொடங்கும் எல்லா எண்களையும் தடுத்துவைத்த ஓர் அலுவலகத்தையும் பார்த்திருக்கிறேன். காவல்துறையின் 10111, ஆம்புலன்ஸின் 10177 இரண்டும் அந்தத் தடையில் மாட்டிக்கொண்டிருந்தன.

ஒட்டுக்கேட்பு இன்னொரு கவலை. 2008 டிசம்பரில் பெர்லினில் நடந்த, ஹேக்கர்கள் கூடும் கேயாஸ் மாநாட்டில், மலிவான ஒரு கணினி அட்டையை வைத்தே டெக்ட் உரையாடலைக் கேட்டுக் காட்டினார்கள். அப்போது பல கருவிகளில், பேச்சைப் பிறருக்குப் புரியாதபடி மாற்றி அனுப்பும் மறையாக்கமே இயங்கவில்லை. இப்போதைய கருவிகளில் இருக்கிறது. ஆனால் சிக்னலை நீட்டிக்க ரிப்பீட்டர் பொருத்தினால் சில மாடல்களில் மறையாக்கத்தை அணைத்தாக வேண்டும். ஊரார் வரிக்கணக்குப் பேசப்படும் அலுவலகத்தில் அப்படிச் செய்ய எனக்கு மனம் வருவதில்லை. பேஸை நடு அறைக்கு நகர்த்திவிடுவேன்.

முதலாளி 600 ராண்டைத் திருப்பிக் கொடுத்தார். புது ரகசிய எண்ணாக 1860 வைக்கலாமா என்று கேட்டார். நம் முன்னோர் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் இங்கே வந்திறங்கிய ஆண்டு. பக்கத்துக் கடைக்காரரும் தமிழர்தான். வேண்டாம் என்றேன்.