மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?

"கல்யாணத் தேதி குறிச்சாச்சு டாக்டர், மாத்திரையை நிறுத்திடலாமா?" தை, வைகாசி, ஆவணி நெருங்கினால் மனநல ஓ.பி.யில் இந்தக் கேள்வி வரிசை கட்டி நிற்கும். கேட்கிறவர்களாவது பரவாயில்லை. பலர் கேட்காமலே நிறுத்திவிட்டு, தாலி கட்டிய சில மாதங்களில் இரவெல்லாம் உறங்காமல் கத்துகிற பிள்ளையைக் கூட்டிவருகிறார்கள். "மாத்திரை போட்டுப் பழகிடுச்சு, விட்டதும் இப்படி ஆயிடுச்சு" என்று பழியும் மாத்திரை மேலேயே விழுகிறது. திரும்ப வந்தது நோய் என்று எத்தனை முறைதான் சொல்வது!

மனநல மாத்திரை எல்லாமே தூக்க மாத்திரை இல்லை. மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை போதை தருவதில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று ஏங்க வைப்பதும் இல்லை. திடீரென விட்டால் சில நாள் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடித்தாற்போல ஒரு வெட்டு வரும். அதனால்தான் படிப்படியாகக் குறைக்கிறோம். ஸ்டீராய்டையும் சில பிரஷர் மாத்திரைகளையும்கூட அப்படித்தான் நிறுத்துகிறோம். அவற்றை யாராவது போதை மாத்திரை என்கிறார்களா?

பழக்கமாவது அல்பிரசோலம் வகை. பதற்றத்துக்கும் உறக்கத்துக்கும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை எழுதித் தருவது அது. ஆனால் வீட்டில் நடப்பதைப் பாருங்கள். ஒரே சீட்டில் 10 மி.கி. எஸ்சிடலோபிராமும் 0.25 மி.கி. அல்பிரசோலமும் இருக்கும். முன்னது "வேலை செய்யல" என்று குப்பைக்குப் போகும். பின்னது போட்டதும் கண் சொக்குவதால் "நல்ல மாத்திரை". அந்தக் கசங்கிய சீட்டையே மருந்துக் கடையில் நீட்டி வருடக்கணக்கில் வாங்குகிறார்கள். சில கடைகளில் சீட்டுகூடக் கேட்பதில்லை. இதைப் பல மாதம் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். மதுவோடு சேர்த்தால் மூச்சு அடங்கும் அபாயம் உண்டு.

மனச்சோர்வு மாத்திரை முதல் வாரத்தில் குமட்டலையும் லேசான படபடப்பையும் தரும். சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். நான்காம் நாளே "ஒண்ணும் கேக்கல" என்று மருத்துவரை மாற்றாதீர்கள். அந்த ஆரம்ப வாரங்களில் மாத்திரைகளை வீட்டிலுள்ள ஒருவர் பொறுப்பில் வையுங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ இருப்புக்கொள்ளாமல் தவித்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வாருங்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நன்றாக இருப்பதே நிறுத்தக் காரணம் என்று நினைத்தால் மறுபடியும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மனம் அளவுகடந்த உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனை நோய்க்கு லித்தியம் போடுபவர்கள் இன்னும் கவனம். ரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை நிற்க வேண்டும். வயிற்றுப்போக்கில் உடம்பு வறண்டாலோ, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கோ இபுபுரூஃபெனோ வாங்கிப் போட்டாலோ அளவு ஏறிவிடும். கை அதிகமாக நடுங்கி, வாந்தி வந்து, நடை தள்ளாடினால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

பெண்ணைப் பெற்றவர்களே, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் புகுந்த வீட்டில் மறைத்து மறைத்துப் போடும் மாத்திரை பாதி நாள் தவறத்தான் செய்யும். நிச்சயத்துக்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மறைத்த கல்யாணங்கள் கோர்ட்வரை போகின்றன. இருமுனை நோய்க்கும் வலிப்புக்கும் தரும் வால்ப்ரோயேட் மாத்திரை போடும் பெண் என்றால் கரு தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மாற்ற வேண்டும், அது சிசுவைப் பாதிக்கும். தானாக நிறுத்துவது அதற்கு வழி இல்லை.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மந்திரியுங்கள், மாத்திரையையும் போடுங்கள். நோயாளியைக் கட்டி மட்டும் வைக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மாத்திரையைக் காபியில் கலந்து நோயாளிக்குத் தெரியாமல் கொடுப்பதும் வேண்டாம். ஒருநாள் தெரிந்துவிட்டால் அவர் உங்கள் கையால் சோறுகூட வாங்க மாட்டார்.

செலவு ஒரு காரணமா? மாவட்ட மனநலத் திட்டத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே மாத்திரை இலவசம். நேரில் வரத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸுக்கு எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். வரும்போது பழைய சீட்டோடு காலி அட்டைகளையும் எடுத்து வாருங்கள். "வெள்ளையா, சின்னதா இருக்கும் டாக்டர்" என்றால் எங்களால் கண்டுபிடிக்க முடியாது, பாதி மாத்திரைகள் அப்படித்தான் இருக்கின்றன.